அப்பாவின் வெள்ளைக் கைக்குட்டை

தில்லியில் டிசம்பர் மாதத்து நண்பகல் வெயில் ஒரு சலுகை. கிடைக்கும் நாளில் அதை யாரும் வீணாக்குவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகையின் புல்வெளி முழுவதும் நாற்காலிகள் வெயிலை நோக்கித் திருப்பப்பட்டிருந்தன. தமிழ் அதிகாரி ஒருவரின் மகளுக்கும் பஞ்சாபி மாப்பிள்ளைக்கும் திருமண வரவேற்பு. தட்டுகளில் ஆலு டிக்கி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

மேடைமீது நானும் என் தங்கை உமாவும் ஒரே நிறத்தில், ஒரே தையலில் உடுத்தி நின்றோம்.

மேடையேறியதும் என் கண்கள் மணமக்களைத் தேடுவதில்லை, கூட்டத்தையும் பார்ப்பதில்லை. அவை ஒரு வெள்ளைத் துணியைத் தேடும். அன்றும் தேடின. கடைசி வரிசைக்கும் பின்னால், சவுண்ட் மிக்சருக்கு அருகில், அலுவலகக் கோட்டு அணிந்து அப்பா நின்றிருந்தார். வலக்கையில் நான்காக மடித்த கைக்குட்டை.

உமா என் விரல்களைப் பற்றினாள். அவள் பேசி இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தது. பேசக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பாட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

இரட்டையர் ஆன விதம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலில் கையில் எடுத்திருப்பவர்களுக்காகச் சிலவற்றை மறுபடி சொல்ல வேண்டும்.

அப்பாவின் பெயர் நெல்லையப்பன். ஊர் எது என்பதைப் பெயரே சொல்லிவிடும். மத்திய அரசின் அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலர். நானும் உமாவும் லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், படிக்கட்டில் இறங்கினால் இந்தி. நான் உமாவுக்கு இரண்டு வயது மூத்தவள்.

இந்த எளிய உண்மையை வெளியே சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் அனுமதி இருக்கவில்லை.

காலனியின் பிள்ளையார் சதுர்த்திப் பந்தலில் நாங்கள் பக்திப் பாட்டுப் பாடியபோது கேட்டவர்கள் கைதட்டினார்கள். அடுத்த ஆண்டு ஓர் இந்திப் பாப் பாடலைப் பாடினோம். கேட்டவர்கள் எழுந்து ஆடினார்கள். கைதட்டலுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள தூரத்தை அப்பா அன்று இரவே அளந்துவிட்டார் என்று நினைக்கிறேன். மறுவாரம் எங்களுக்கு ஒரு யூடியூப் சேனல் இருந்தது.

முதலில் அவர் வைத்த பெயர், கோமதி என்ற என் பெயரின் முன்பாதியும் உமாவின் பின்பாதியும் சேர்ந்த 'கோமா'. கீபோர்டு வாசித்த மனோஜ் பையா, அதாவது மனோஜ் அண்ணன், வாய்விட்டுச் சிரித்து, மருத்துவமனையில் அந்தச் சொல் எந்த வார்டில் புழங்கும் என்பதை விளக்கும்வரை, ஏறக்குறைய ஒரு வாரம் நாங்கள் கோமாவில் இருந்தோம். பிறகு, தில்லியில் ஓடும் யமுனையின் பெயரில் 'ஜமுனா ட்வின்ஸ்' ஆனோம்.

"நாங்க ட்வின்ஸ் இல்லையேப்பா" என்றேன்.

"யாருட்டி வந்து பர்த் சர்ட்டிபிகேட் கேக்கப் போறா?" என்றார். "ரெண்டு பொண்ணுகன்னா ஊர்ல ஆயிரம் பேரு. ட்வின்ஸுன்னா நின்னு பாப்பான்."

உமா என்னைவிட உயரம். ஆகவே எனக்குக் குதிகால் உயர்ந்த செருப்பு, அவளுக்குத் தட்டைச் செருப்பு. என் பிறந்த நாள் ஆடியிலிருந்து அவளுடைய ஐப்பசிக்கு நகர்ந்தது. கேமராவுக்கு முன்னால் ஒரே கேக்கை இருவரும் சேர்ந்து வெட்டினோம். ஆடியில் என் உண்மையான பிறந்த நாளன்று அம்மா சமையலறையில் எனக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் பாயசம் தருவாள். நின்றபடி குடித்துவிட்டு, கிண்ணத்தை நானே கழுவி வைப்பேன்.

கூட்ஸ் வண்டியின் கொடி

கைக்குட்டைக்கு வருகிறேன்.

ஆரம்ப நாட்களில் அப்பா மேடைக்குக் கீழே நின்று கத்துவார். "ஏட்டி, சிரி! சிரிச்சா முத்து உதிர்ந்துருமா?" ஸ்பீக்கர்கள் பெரிதாகப் பெரிதாக அவர் குரல் எங்களுக்கு எட்டவில்லை. கைகளை வீசிப் பார்த்தார். கரோல் பாகில் ஒரு திருமணத்தில், மாப்பிள்ளை வீட்டார் அவரைக் குடித்துவிட்டு ஆடுபவர் என்று எண்ணி நாற்காலியில் உட்காரவைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள்.

அவருடைய தந்தை ரயில்வேயில் கூட்ஸ் வண்டியின் கார்டாக இருந்தவர். "எங்கப்பா ஒத்தக் கொடிய அசச்சு அம்மாம் பெரிய வண்டிய நிறுத்துவாவ. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டாவ" என்று அப்பா அடிக்கடி சொல்வார். எலுமிச்சைச் சாற்றுக்குப் பிறகு அவர் கத்துவதை நிறுத்திவிட்டு, கைக்குட்டையை எடுத்தார்.

மடித்த கைக்குட்டை வலத்தோளில் இருந்தால், சிரிக்க வேண்டும். தலைக்கு மேல் உயர்ந்தால், குரலையும் கூட்டத்தையும் உயர்த்த வேண்டும். அவர் பிடரியைத் துடைத்தால், மிச்சத்தை விட்டுவிட்டுக் கடைசிச் சரணத்துக்குப் போக வேண்டும். கைக்குட்டையை முழுவதும் விரித்து, இரு முனைகளைப் பிடித்து மார்புக்கு நேரே காட்டினால், அதோடு முடிந்தது. வணங்கிவிட்டு இறங்க வேண்டும். பாட்டின் நடுவே காட்டினாலும் அப்படித்தான்.

மனோஜ் பையாவுக்கும் டிரம்ஸ் வாசித்த பிட்டுவுக்கும் தமிழ் தெரியாது. அப்பாவின் இந்தியோ அமைச்சகக் கோப்புகளின் இந்தி. ஆகவே எல்லாருக்கும் பொதுவான மொழி கைக்குட்டைதான். விரித்த கைக்குட்டையைக் கண்டும் நிறுத்தாமல் இரண்டு தாளம் கூடுதலாக வாசித்ததற்காக, பிட்டுவுக்கு முன்பு வாசித்தவரை அப்பா விலக்கியிருந்தார். அதை பிட்டு ஒருபோதும் மறக்கவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா அந்தக் கைக்குட்டைகளுக்கு இஸ்திரி போடுவாள். தோபியின் மூட்டையில் கலந்துவிடாதபடி ஒவ்வொன்றின் மூலையிலும் நீல நூலால் ஒரு புள்ளி தைத்திருப்பாள். எங்கள் நிகழ்ச்சிகளுக்கு அவள் வந்ததில்லை. எங்கள் தொழிலோடு அவளுக்கு இருந்த தொடர்பு அந்த நீலப் புள்ளிதான்.

இப்போது நான் தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். சென்ற பருவத்தில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் கைக்குட்டையை எடுத்துப் பிடரியைத் துடைத்தார். நான் நடுவில் நான்கு பக்கங்களைத் தாண்டி முடிவுரைக்குப் போய்விட்டேன். 'செறிவான கட்டுரை' என்று பாராட்டினார்கள்.

விடுப்பு விதிகள்

சாணக்யபுரி வரவேற்பு நடந்த ஆண்டு, தீபாவளிக்குப் பிறகு புகை நகரத்தின்மீது கவிந்து, வாரக்கணக்கில் விலகாமல் நின்றது. உமாவின் குரல் முதலில் கரகரத்தது. பிறகு நடுநடுவே இல்லாமல் போனது. அதிமதுரம், மிளகு, தேன் என்று அம்மா கொடுத்த எதற்கும் அது திரும்பவில்லை.

மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துத் திரையில் காட்டினார். குரல் நாண்களின் ஓரத்தில் இரண்டு சிறு முடிச்சுகள். ஒரு மாதம் முழு மௌனம். முணுமுணுப்பும் கூடாது, ஏனெனில் முணுமுணுப்பு பேச்சைவிடக் கெடுதல். இந்த நிலையில் உச்ச ஸ்தாயியில் பாடினால் கத்தி வைக்க வேண்டிவரலாம். வைத்தாலும் பழைய குரல் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

அப்பா கவனமாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "டாக்டர் சாப், ஹம்மிங்?"

"ஹம்மிங் பீ நஹீ" என்றார் மருத்துவர். அதுவும் கூடாது.

"ஹாஃப் டே மாதிரி ஏதாவது? காலைல ரெஸ்ட், சாயங்காலம் கொஞ்சம்…" என்று அப்பா தன் இந்தியில் தொடர்ந்தார்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "மெடிக்கல் லீவுல இருக்கறவனையும் அவசரம்னா ஆபீசுக்குக் கூப்பிடத்தான் செய்யுதான்."

அவசரம் அடுத்த வாரமே வந்தது. சாணக்யபுரி வரவேற்புக்குப் பம்பாயிலிருந்து மாப்பிள்ளையின் சித்தப்பா வருகிறார். இசை நிறுவனம் ஒன்றில் புதுக் குரல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர். எங்கள் வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். மேடையில், பதிவு இல்லாமல், நேரில் கேட்க வேண்டும் என்றிருக்கிறார்.

அப்பா இதைச் சொன்னபோது அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பிள்ளைக்கித் தொண்ட போச்சுன்னா நீங்க கொண்டாந்து குடுப்பியளா?"

"ஒரே ஒரு பாட்டுதானட்டி. மத்தத கோமதி பாடட்டும். இவ பாடுத அந்த ஒத்த எடத்துக்காவத்தான் அவரு வாராரு. நம்ம தொண்ட சரியான பெறவு பிளேன் புடிச்சு இன்னொரு மட்டம் வருவாரா?"

"வராட்டிப் போறாரு."

"நீ சும்மா கெட. ஒனக்கு இதப்பத்தி என்ன தெரியும்?"

"ஆமா. எனக்கு இஸ்திரி போடத்தான் தெரியும்" என்று அம்மா அடுத்த கைக்குட்டையை எடுத்தாள்.

உமா தன் கைபேசியில் ஏதோ வேகமாக எழுதி அவரிடம் நீட்டினாள். அவள் எழுதியது ஒரு திரை முழுவதும் நிரம்பியிருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கவில்லை.

"கண்ணாடி எங்கயோ வச்சிட்டேன்" என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. அதன் ஒரு காது வெளியே நீட்டிக்கொண்டும் இருந்தது.

உமா கைபேசியை என் பக்கம் திருப்பினாள். நான் படித்தேன். உரக்கப் படித்துக் காட்டட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "அவசியமில்ல" என்றார். நான் உரக்கப் படிக்கத் தொடங்கினேன். முதல் வாக்கியம் முடிவதற்குள் அவர் குளியலறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டார். குழாயைத் திறந்துவிடும் ஓசை கேட்டது.

புல்வெளியில்

நிகழ்ச்சி நாட்களில் எங்கள் கைபேசிகள் அப்பாவின் தோல்பையில் இருக்கும். கவனம் சிதறக்கூடாது என்பது விதி. அன்றும் வண்டி ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டார். படியிறங்கும்போது அம்மா உமாவின் கையில் எதையோ திணித்து, "வேர்த்தா தொடச்சுக்கோ" என்றாள். அந்தக் குளிரில் யாருக்கு வேர்க்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மேடைக்குப் பின்னால் மனோஜ் பையா அப்பாவிடம் தணிந்த குரலில், "அங்கிள்ஜி, பச்சி கோ சோட் தோ" என்றார். பிள்ளையை விட்டுவிடுங்கள் என்பதைக் கெஞ்சலாகவே சொன்னார்.

"ஏக் கானா, மனோஜ். பஸ், ஏக் கானா" என்றார் அப்பா. ஒரே ஒரு பாட்டு.

முதல் இரண்டு பாடல்களை நான் பாடினேன். உமா என்னருகே உதடசைக்காமல் ஆடினாள். கைக்குட்டை வலத்தோளுக்குப் போனது, நாங்கள் சிரித்தோம். தலைக்கு மேல் உயர்ந்தது. கூட்டத்தைக் கைதட்ட வைத்தோம். பம்பாய்க்காரர் முன்வரிசையில், குளிர்கண்ணாடி அணிந்து, மடியில் தட்டோடு அமர்ந்திருந்தார்.

மூன்றாவது உமாவின் பாட்டு. பல்லவியை நான் பாட வேண்டும். சரணம் அவளுடையது. அதன் முடிவில் குரல் படிப்படியாக ஏறி, உச்சியில் ஒரு மூச்சளவு தங்கி நிற்கும். அந்த ஓர் இடத்துக்காகவே எங்களை அழைத்தவர்கள் உண்டு. அதை நான் பாடினால் டம்ளரில் கரண்டியால் தட்டியது போலிருக்கும் என்பது அப்பாவின் கருத்து. தவறு என்று சொல்ல மாட்டேன்.

பல்லவியைப் பாடி முடித்தேன். இடையிசை தொடங்கியது. உமா மைக்கைத் தாங்கியில் பொருத்தினாள். இரண்டு கைகளும் வேண்டியிருக்கிறதோ என்று நினைத்தேன். வேண்டித்தான் இருந்தது. இடுப்புப் பட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தாள். மூலையில் நீலப் புள்ளி.

அதை உதறி விரித்தாள். இரு முனைகளையும் பிடித்து மார்புக்கு நேரே காட்டினாள். பிறகு மெதுவாகத் திரும்பி, மனோஜ் பையாவுக்கும் பிட்டுவுக்கும் காட்டினாள்.

அவர்கள் நிறுத்தினார்கள். யோசித்து நிறுத்தியதாக நான் நினைக்கவில்லை. விரித்த கைக்குட்டையைக் கண்டால் நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் கைகளுக்குப் பழகியிருந்தது. அது யார் கையில் இருக்கிறது என்று பார்க்கப் பழகியிருக்கவில்லை. பிட்டு கடைசியாக ஒருமுறை சிம்பலை அடித்து, அதை விரல்களால் பிடித்து அடக்கினான். உமா கூட்டத்தை வணங்கினாள். படியிறங்கிப் போனாள்.

புல்வெளியின் மறுகோடியில் அப்பாவின் கைக்குட்டை தலைக்கு மேல் உயர்ந்தது. எனக்கான கட்டளை. பிறகு அது வலத்தோளுக்குப் போனது. மறுபடி உயர்ந்தது. சிரி, பாடு, சிரி. அத்தனை விரைவாக அது இடம் மாறி நான் பார்த்ததில்லை.

"தீதி?" என்றான் பிட்டு, அக்கா, என்ன செய்ய என்ற பொருளில்.

நான் மைக்கில் 'தன்யவாத்' என்று நன்றி மட்டும் சொன்னேன். குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். புல் ஈரமாக இருந்தது.

கூட்டம் கைதட்டியது. அதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று எண்ணிவிட்டார்கள். பம்பாய்க்காரர் எழுந்துபோய் அப்பாவின் தோளைத் தட்டி, "எண்டிங் பஹுத் அச்சா தா, சார்" என்று முடித்த விதத்தைப் புகழ்ந்தார். இன்னொரு பெண் பாடுவதைத்தான் கேட்க முடியவில்லை, பிறகு அழைக்கிறேன் என்றார். அவர் பிறகு அழைக்கவில்லை.

அப்பா அவருக்குக் கைகூப்பியதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கூப்பிய கைகளுக்கு நடுவே கைக்குட்டை கசங்கியிருந்தது.

சரோஜினி நகர் சிக்னல்

உமாவின் குரல் பின்னர் திரும்பி வந்தது. அந்த உச்சி மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. அதற்காக அவள் வருந்தியதை நான் பார்த்ததில்லை. அப்பா இன்னும் வருந்துகிறார். ஆனால் அன்று வண்டியில் போகும்போது இவற்றில் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

வண்டியில் நாங்கள் மூவரும் ஓட்டுநரும் மட்டும். அப்பா முன்னிருக்கையில், மடியில் தோல்பையோடு. ஏச்சுக்காக நான் காத்திருந்தேன். எந்த வாக்கியத்தில் தொடங்குவார், எந்த வாக்கியத்தில் தாத்தாவின் கொடி வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் தோல்பையின் பட்டையை இறுக்கிக்கொண்டார். வெளியே ஞாயிற்றுக்கிழமைக் கடைத்தெருக் கூட்டம் சாலையை அடைத்திருந்தது. சரோஜினி நகர் சிக்னலில் வண்டி நின்றது.

"தொண்ட எப்படி இருக்கு?" என்றார் அப்பா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

அதுவரை அவர் 'குரல் எப்படி இருக்கு' என்றுதான் கேட்டிருக்கிறார்.

பதில் வராததால் திரும்பினார். உமா பேசக்கூடாது என்பது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்ததுபோல் இருந்தது. அவள் மடியில் அந்தக் கைக்குட்டை கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். கையில் எடுத்தாள். வலத்தோள் வரை கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, மறுபடி மடியில் வைத்தாள். சிரி, உயர்த்து, விரைவாக முடி, இறங்கு. வலிக்கிறது என்று சொல்ல அதில் ஒன்றும் இருக்கவில்லை. மேடைக்கு எதிரே இருப்பவர் மேடையில் இருப்பவர்களுக்குச் சொல்வதற்கென்றே அவை ஏற்பட்டிருந்தன.

அப்பா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்ததாகத் தோன்றியது.

பிறகு தோல்பையின் பட்டையைத் தளர்த்தினார். இரண்டு கைபேசிகளில் எது அவளுடையது என்று தெரியாமல் இரண்டையும் வெளியே எடுத்தார். உமா தன்னுடையதைச் சுட்டினாள். கொடுத்தார்.

அவள் எழுதத் தொடங்கினாள். சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன்கள் அலறின. ஓட்டுநர் முனகிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

அப்பா முன்பக்கம் திரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, கசங்கிய கைக்குட்டையால் இரு பக்கமும் துடைத்து, அணிந்துகொண்டு காத்திருந்தார். உமா எழுதிக்கொண்டே இருந்தாள்.